நான் சொன்ன அந்த டியூபைத் தூக்கிப் போடுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிஷம் பாடம் நடத்துகிற டீச்சர் என்று எனக்குப் பெயர் உண்டு. இன்றைக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கரும்பலகையில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டது பிறகு தெரிந்தால், மறுநாள் முதல் வேலையாக, வருகைப் பதிவு எடுப்பதற்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுவேன். “நேத்து நான் சொன்னது தப்பு. எல்லாரும் நோட்டைத் திருத்துங்க.” இந்தப் பதிவும் அப்படி ஒரு திருத்தம்தான். ஆனால் இந்தத் தடவை தப்பு நோட்டில் இல்லை, உடம்பில் ஏறிவிட்டது.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், இப்போது பனியன் கம்பெனியில் வேலை. “டீச்சர், ரெண்டு வருஷம் முன்னாடி படர்தாமரைக்கு ஒரு டியூப் பேரு சொன்னீங்களே, அது என்ன? மறுபடியும் வந்துடுச்சு. ரூம்ல எல்லாருக்கும் இருக்கு. அன்னிக்கு எல்லாரும் அதைத்தான் போட்டோம்.”

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவன் அறையில் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் மருந்து எழுதிக்கொடுத்த டாக்டர் நான்தான். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்.

இந்த டியூப் கதை என் தங்கையிடம் ஆரம்பித்தது. அவளுக்கு இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. சிவப்பு விளிம்பு, நடுவில் தோல் வெளுத்தாற்போல. ராத்திரியில் தூங்க விடாத அரிப்பு. என்னிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் முன்பு அவருக்கு வந்தபோது மெடிக்கலில் கேட்டு வாங்கிய டியூப் ஒன்று பாதி மிச்சம் இருந்தது. “இதைப் போடு, மூணே நாள்ல காணாமப் போயிடும்” என்று கொடுத்தேன்.

நான் சொன்னபடியே மூன்று நாளில் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அந்தப் பெருமையில்தான் கேட்டவர்களுக்கெல்லாம் டியூப் பேரைச் சொன்னேன். போனில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், இதே முகநூலில் ஒரு பின்னூட்டத்திலும் எழுதியிருக்கிறேன்.

பத்தே நாளில் தங்கைக்குத் திரும்ப வந்தது. திரும்பப் போட்டாள். போனது. வந்தது. ஆறு மாதத்தில் வட்டம் இடுப்பைச் சுற்றி, தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. விளிம்பு தெரியாமல் பரவி, பார்த்தால் படர்தாமரை என்றே சொல்ல முடியாதபடி இருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு வந்தது. பேரப்பிள்ளைக்கு முதுகில் வந்தது. கடைசியில் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போனோம். நானும் கூடப் போனேன்.

தோல் பிரிவில் ஒரு பெண் டாக்டர், என் மகள் வயது. முதலில் அவர் கேட்டது, “இதுவரைக்கும் போட்ட டியூபெல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?” தங்கை பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நசுங்கிய டியூப்கள் ஏழு. டாக்டர் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்து எழுத்தைப் படித்தார். “இது யாரு குடுத்தது?” தங்கை யதார்த்தமாகச் சொன்னாள்: “எங்க அக்காதான். டீச்சர்.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தோலின் ஓரத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தார். நான் டீச்சர் என்பதால், “பாக்கறீங்களா?” என்று கேட்டார். கண்ணை வைத்தேன். கிளைவிட்ட நூல்கள், இடையிடையே குறுக்குச் சுவர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ‘பூஞ்சை இழைகள்’ என்று கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த படம், என் தங்கையின் தோலில் உயிரோடு இருந்தது.

அந்த டியூபில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. ஒன்று பூஞ்சைக்கு. ஒன்று பாக்டீரியாவுக்கு; படர்தாமரையில் அதற்கு வேலையே இல்லை. மூன்றாவது, வீரியமான ஸ்டீராய்டு. மூன்றே நாளில் மாயமாகப் போனதே, அந்த மாயம் ஸ்டீராய்டுடையது. அது பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு சண்டை போடுகிற நம் உடம்பின் கையைப் பிடித்து நிறுத்திவிடும். சிவப்பும் அரிப்பும் வீக்கமும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டை நின்றால் அவையும் நிற்கும். நாம் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. என் பழைய மாணவி ஒருத்தி நுண்ணுயிரியல் படித்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டு, “எனக்கு முதலிலிருந்து பாடம் எடும்மா” என்றேன். நாலு ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். அதில் எனக்குப் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். ஏனென்றால் இது புரியாதவரைக்கும் “அந்த டியூபைப் போடாதே” என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்டிருக்க மாட்டேன்.

நான் உங்களுக்கு நடத்தும்போது பூஞ்சையை ஒரு சாதுவான பொருள் மாதிரி நடத்தினேன். பச்சையம் இல்லை, தானாக உணவு தயாரிக்காது, ஈரமான இடத்தில் வளரும், அவ்வளவுதான். அதில் தப்பில்லை, ஆனால் அது பாதிப் பாடம். மனித உடம்பில் உயிர் வாழ்வது ஒரு பூஞ்சைக்கு எத்தனை கஷ்டம் என்று நான் சொன்னதே இல்லை.

உலகத்தில் இதுவரை பெயர் வைத்த பூஞ்சைகளே ஒன்றரை லட்சம் அளவுக்கு இருக்கின்றன. அவற்றில் மனிதருக்கு நோய் தருபவை சில நூறுதான். ஏன் இவ்வளவு குறைவு? முதல் காரணம் நம் உடம்புச் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி செல்சியஸ் தாங்காது. இதற்கு மறுபக்கமாக ஓர் உதாரணம் சொன்னாள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் குகைகளில் 2006-ல் தொடங்கி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மூக்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது ஒரு பூஞ்சை. அது 20 டிகிரிக்கு மேல் வளராத பூஞ்சை. வௌவால் விழித்துத் திரியும்போது அதை ஒன்றும் செய்யாது. குளிர்காலத்தில் நீண்ட உறக்கத்தில் உடம்பு குளிர்ந்து கிடக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். சூடு எவ்வளவு பெரிய காவல் என்று இதில் தெரிகிறது.

இரண்டாவது காவல் பட்டினி. நம் இரத்தத்தில் இரும்புச்சத்து இருந்தாலும், புரதங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கின்றன. வந்த கிருமிக்குச் சுலபமாகக் கிடைக்காது. மூன்றாவது, தோலின் அமிலத்தன்மை. நல்ல தோலின் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். நான்காவது, தோல் உதிர்வது. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் ஒட்டியிருப்பதும் சேர்ந்து உதிர வேண்டும். ஐந்தாவது, வெள்ளணுக்கள். அவை வந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற காரமான பொருள்களைப் பூஞ்சைமேல் பீய்ச்சும்.

இத்தனையையும் தாண்டித்தான் ஒரு படர்தாமரை உங்கள் இடுப்பில் வட்டம் போடுகிறது. எப்படித் தாண்டுகிறது?

அது உள்ளே போவதில்லை. உள்ளே சூடு அதிகம், இரும்பு கிடைக்காது. அதனால் தோலின் மேலே இருக்கிற செத்த செல்களின் அடுக்கோடு நின்றுகொள்கிறது. அங்கே இருக்கும் உணவு கெரட்டின் என்ற புரதம். முடியும் நகமும் அதே பொருள்தான். அதனால்தான் நகத்திலும் தலையிலும்கூட இதே பூஞ்சைகள் வருகின்றன. கெரட்டின் லேசில் ஜீரணமாகாது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் கம்பி போட்டதுபோல் கட்டியிருக்கின்றன. இங்கேதான் நான் அசந்துபோனேன். கெரட்டினைத் தின்னத் தின்ன, அதிலிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் பூஞ்சைக்குள் மிகுந்துபோகிறது. மிகுந்தால் அதற்கே விஷம். பூஞ்சை அந்தச் சிஸ்டீனைச் சல்ஃபைட்டாக மாற்றி, ஒரு பம்ப் வைத்து வெளியே தள்ளுகிறது. வெளியே வந்த சல்ஃபைட் போய் அந்தக் கந்தகக் கட்டுகளை உடைக்கிறது. தன் கழிவை வைத்தே அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி செய்துகொள்கிறது!

அமிலத்தை என்ன செய்கிறது? முதலில் அமிலத்தில் வேலை செய்யக்கூடிய நொதிகளைச் சுரக்கிறது. புரதத்தை உடைக்க உடைக்க அம்மோனியா வருகிறது. அம்மோனியா காரம் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்பு லிட்மஸை நீலமாக்கிக் காட்டியிருக்கிறேன். சுற்றுப்புறம் மெல்லக் காரமாக மாறுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து, காரத்தில் நன்றாக வேலை செய்கிற வேறு நொதிகளைச் சுரக்க ஆரம்பிக்கிறது.

பெராக்சைடை என்ன செய்கிறது? ஏழாம் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவேனே, பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரை பொங்குமே. உருளைக்கிழங்கில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். பூஞ்சையிடமும் அதே கேட்டலேஸ் இருக்கிறது. நம் வெள்ளணு வீசும் குண்டை அது தண்ணீராக்கிவிடும்.

சூட்டையும் மற்றத் தாக்குதல்களையும் தாங்க இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. சூடு பட்டால் புரதங்கள் உருக்குலையும். முட்டை வெந்தால் வெள்ளைக் கரு கெட்டிப்படுவது அதனால்தான். உருக்குலையாமல் தாங்கிப்பிடிக்கிற துணைப் புரதங்கள் பூஞ்சையிடம் உண்டு. அவற்றில் ஒன்று எச்.எஸ்.பி. 90. நம்மிடமும் இதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. வேறு சில பூஞ்சைகளில் ஆராய்ந்து பார்த்தபோது, சூட்டைச் சமாளிக்க வைத்திருக்கும் இந்தப் புரதமே மருந்தைத் தாங்கிக்கொள்ளவும் உதவுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பூஞ்சைக்கு நம் உடம்பும் ஒரு கஷ்டம், மருந்தும் ஒரு கஷ்டம். ஒன்றைத் தாங்கக் கற்ற ஏற்பாடு மற்றதற்கும் கைகொடுக்கிறது.

‘கற்ற’ என்று எழுதிவிட்டேன். அறிவியல் டீச்சர் அப்படி எழுதக் கூடாது, திருத்திக்கொள்கிறேன். பூஞ்சை யோசிப்பதில்லை, பாடம் படிப்பதில்லை. நடப்பது இரண்டு விதம். ஒன்று, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மரபணுக்களில் எதை வேலை செய்ய வைப்பது, எதை நிறுத்துவது என்று சூழ்நிலைக்கேற்ப மாற்றிக்கொள்வது. மழை வந்தால் குடை விரிப்பதுபோல. மழை நின்றால் மடக்கிவிடும். மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

இன்னொன்று மடக்க முடியாதது. பூஞ்சை பெருகும்போது மரபணுவை நகலெடுப்பதில் எழுத்துப்பிழை வரும். பெரும்பாலான பிழைகளால் ஒரு பயனும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை பூஞ்சைக்குச் சாதகமாக அமைந்துவிடும். டெர்பினஃபின் என்ற மருந்து கேள்விப்பட்டிருப்பீர்கள். பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீரால் என்ற பொருளைச் செய்கிற நொதி ஒன்றைப் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அந்த நொதியின் மரபணுவில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறினால் நொதியின் வடிவம் சற்று மாறும். பூட்டு மாறிய பிறகு பழைய சாவி நுழையுமா?

இப்போது என் டியூபுக்கு வருகிறேன்.

வயலில் கோரை எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே தெரிகிற புல்லை மட்டும் பிடுங்கிவிட்டு வரப்பேறினால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு உள்ளே இருக்கும். மூன்று நாள் டியூபும் அதே வேலைதான். ஆனால் பூஞ்சையில் இன்னும் மோசம். பாதியில் நிறுத்திய மருந்தில் செத்தவை, மருந்துக்கு எளிதில் அடங்கக்கூடியவை. பிழைத்தவை கொஞ்சம் தாங்கக்கூடியவை. அடுத்து முளைப்பதெல்லாம் பிழைத்தவற்றின் பிள்ளைகள். அதோடு ஸ்டீராய்டு நம் வெள்ளணுக்களை வேறு அடக்கி வைத்திருக்கிறது. மருந்தில் தப்பித்தவற்றை வந்து முடிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களும் வரவில்லை. இதை ஒரு தடவை செய்தால் பரவாயில்லை. ஏழு டியூப் செய்தோம். நாடு முழுக்க எத்தனை கோடி டியூப்?

இது என் கற்பனையில்லை. இந்தியாவில் பத்து வருஷத்துக்கும் மேலாகத் தோல் டாக்டர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முன்பு சில வாரத்தில் போன படர்தாமரை இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது, குடும்பம் குடும்பமாக வருகிறது என்று. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சைக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். ஓர் இந்தியரிடமிருந்தும் ஒரு நேபாளியிடமிருந்தும் எடுத்த பூஞ்சை அது; டெர்பினஃபினுக்கு அசையவில்லை. வைத்த பெயர் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. பெயரிலேயே ‘இந்தோ’ ஒட்டிக்கொண்டது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதே பூஞ்சையைக் கண்டார்கள். அதில் ஒருவர் சமீபத்தில் வெளிநாடே போகாதவர். அதாவது அங்கேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவ ஆரம்பித்திருக்கலாம். இது இப்படி வலுத்துப் பரவியதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டபடி போட்டது ஒரு முக்கியக் காரணம் என்று பல தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

காவலை இறக்கிவிட்டால் பூஞ்சை என்ன செய்யும் என்று 2021-ல் நாமே பார்த்தோம். கொரோனா இரண்டாம் அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ என்று பெயர் அடிபட்டதே. அது நான் பாடத்தில் ரொட்டித்துண்டில் வளர்த்துக் காட்டிய ரைசோபஸின் நெருங்கிய சொந்தம். காற்றில் எப்போதும் இருக்கிற சாமானியப் பூஞ்சை. பூஞ்சையின் நிறம்கூடக் கருப்பு கிடையாது, அது தாக்கி இரத்த ஓட்டம் நின்று செத்த சதைதான் கருப்பு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி இரத்தம் அமிலமானால், பூட்டி வைத்த இரும்பு அவிழ்கிறது. அந்த இரும்பை இந்தப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். கூடவே ஸ்டீராய்டு. அன்றைக்கு உயிர் காக்க ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்கள் பலர், அதில் தப்பில்லை. தேவையில்லாமலும், தேவைக்கு மேலும் கொடுத்த இடங்களும் இருந்தன. அந்த ஒரு சில மாதங்களில் நாட்டில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. கண்ணை இழந்தவர்கள் நம் ஊர்ப்பக்கத்திலும் உண்டு.

படர்தாமரை உயிரை எடுக்காது. அதனால்தான் நாம் அதை மதிப்பதில்லை.

என் கருத்து இதுதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பை யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சட்டம் இல்லாமல் இல்லை. மேல்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றையும் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலில் 2018-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் என் தங்கையின் பையில் இருந்த ஏழு டியூபில் ஒன்றுக்கும் சீட்டு கிடையாது. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கேட்டது நாங்கள். அவர் “டாக்டரைப் பாருங்கம்மா” என்று சொல்லியிருந்தால், நாங்கள் அடுத்த கடைக்குப் போயிருப்போம். ஆனாலும் கொடுக்கிறவருக்குக் கேட்கிறவரைவிடப் பொறுப்பு அதிகம். அதை விற்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

“டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும் டீச்சர்.” போகும். மறுக்கவில்லை. நடவு நேரத்தில் ஒரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழு டியூபின் விலையையும், தூக்கமில்லாத ஆறு மாதத்தையும், பிறகு வீட்டில் மூன்று பேருக்குச் செய்த வைத்தியத்தையும் கூட்டிப் பாருங்கள். இது கணக்குப் பாடம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் மருந்துக்குக் காசு இல்லை.

“அந்த இடத்தையெல்லாம் எப்படிக் காட்டுறது?” இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். உண்மையைச் சொன்னால், என் தங்கை டியூபுக்குப் போனதற்குக் காசைவிட இதுதான் காரணம். இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, எல்லாம் வேர்வை நிற்கிற இடம், துணி இறுக்குகிற இடம். அங்கேதான் வரும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சேற்றுப்புண்ணைக் காட்ட வெட்கப்படுகிறோமா? பெண் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுப் போங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளை சொன்னால் அம்மாக்கள் காது கொடுங்கள்.

“சீமை அகத்தி இலையை அரைச்சுப் போட்டா போயிடுமே?” எங்கள் அம்மாவும் போட்டிருக்கிறார். அந்த இலையில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மைதான். சின்னதாக ஒரே இடத்தில் வந்த காலத்தில் அதில் குணமானவர்கள் இருக்கலாம். பரவிவிட்டதற்கும், திரும்பத் திரும்ப வருவதற்கும், வீடு முழுக்க வந்ததற்கும் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

டாக்டர் எங்களுக்குச் சொன்னதில் எல்லாருக்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். கண்ணுக்குப் போன பிறகும் தோலில் இருக்கும். டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். துண்டு, உள்ளாடை, சீப்பு எதையும் பகிராதீர்கள். உதிர்ந்த தோல் செதிலில் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் துணிகளைத் தனியாக, நல்ல சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஈரத் துணியோடு இருக்காதீர்கள். நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். ஏற்கெனவே பல மாதமாக ஸ்டீராய்டு டியூப் போடுகிறவர்கள் டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். டியூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டு அலமாரியில் இருக்கும் டியூபை இன்றைக்கே எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இப்படி ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. வேறு நோய்க்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது என்றால் அவர் சொன்னபடி போடுங்கள். ஸ்டீராய்டும் மருந்துதான், அது தேவைப்படுகிற தோல் நோய்கள் உண்டு. படர்தாமரைக்கு என்று நீங்களாக வாங்கியதா, தூக்கிப் போடுங்கள். நான் சொல்லி வாங்கியதா, முதலில் தூக்கிப் போடுங்கள்.

தங்கைக்கு நாலு மாதம் ஆயிற்று குணமாக. பேரப்பிள்ளைக்குச் சீக்கிரம் போய்விட்டது. பூஞ்சை போனாலும் தங்கையின் தொடையில் வரிவரியாகத் தழும்பு நிற்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் வருமே, அது போல. ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்ததால் வந்தது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “போனா போகுதுக்கா, யாரு பாக்கப் போறா” என்று தங்கை சிரிக்கிறாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

திருப்பூர்ப் பையனிடம் டியூப் பேரைச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “நீங்க போய் மன்னிப்பு கேக்கறீங்களே டீச்சர்” என்று பதறினான். ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் ஒன்றாகப் போய்க் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறான். போனானா என்று திங்கட்கிழமை கேட்பேன். வீட்டுப்பாடம் கேட்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

என்னிடம் அந்த டியூப் பேரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு நினைவில்லை. அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். முகநூலில் போட்டிருந்த அந்தப் பின்னூட்டத்தைத் தேடி அழித்துவிட்டேன். நீங்கள் யாருக்காவது என் பேரைச் சொல்லி அதைப் பரிந்துரைத்திருந்தால், அவர்களிடமும் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். தோலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி “டீச்சர், இது அதுவா?” என்று கேட்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. அதை மறந்ததால் வந்த வினைதான் இத்தனையும்.

எல்லாரும் நோட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்